வாசிப்பவரும் கேட்போரும்: ஈழத்துத் தமிழ்ச் சிறுவரின் வீட்டுவாசிப்புப் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1. பிரச்சினை

பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் நூல்களை உரக்க வாசித்துக் காட்டுதல் வேண்டும் என்பது இன்று கல்வியியலாளர் பலரும் வலியுறுத்தும் ஓர் அறிவுரையாகும். பாடசாலைக்குச் செல்லுமுன்னரே செவிவழியாகச் சொல்வளம் பெற்ற பிள்ளை, எழுத்தைக் கற்கத் தொடங்கும்போது ஏனையோரிலும் முந்திக்கொள்கிறது என்பதை மறுப்பார் எவருமிலர். இவ்வறிவுரையின் உண்மையை ஐயுறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் அது யாரை நோக்கிக் கூறப்படுகிறது, எத்தகைய வீட்டை மனத்திற்கொண்டு கூறப்படுகிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. எழுத்தறிந்த தாய், மாலையில் ஓய்வு, போதிய வெளிச்சம், விலைகொடுத்து வாங்கிய படநூல் ஆகிய நான்கும் எல்லா வீடுகளிலும் உள்ளன என்ற எடுகோளின் மீதே அவ்வறிவுரை நிற்கிறது. எடுகோள் பொய்க்கும் வீடுகளிலே அறிவுரை குற்றச்சாட்டாக மாறுகிறது. பிள்ளை பின்தங்கியமைக்குக் காரணம் தாயின் அக்கறையின்மையே எனக் கூறிவிட்டுச் சமூகம் தன் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறது.

வாசித்துக் காட்டுதல் எக்காலத்திலும் தாய்க்கும் சேய்க்கும் இடையே வீட்டின் அகத்தே நிகழ்ந்த தனியுறவாக இருந்ததில்லை. தமிழ்ச் சமூகத்தில் அது நீண்டகாலம் ஒரு கூட்டுச் செயலாகவே இருந்துவந்தது. அக்கூட்டுச் செயல் யாரைச் சேர்த்தது, யாரை வெளியே நிறுத்தியது, பின்னர் அது எவ்வாறு வீட்டுக்குள் ஒடுங்கிற்று என்பனவற்றைத் தொடர்புபடுத்தி நோக்குவதே இங்கு எமது முயற்சியாகும்.

2. படிப்பும் பயனும்

யாழ்ப்பாணத்துச் சைவ மரபிலே புராணபடனம் பெற்றிருந்த இடம் யாவரும் அறிந்ததே. கந்தபுராணம், திருவாதவூரடிகள் புராணம், பிள்ளையார் கதை முதலியன உரிய விரதகாலங்களிற் கோயில்களிலும், சில இல்லங்களிலும் ஓதப்பட்டன. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் 'பயன்' சொல்லுவார். இவ்விரு பணியும் இருவரிடம் பிரிந்திருந்தமை கருதத்தக்கது. வாசிப்பவரின் ஓசை செய்யுளின் மரபைக் காத்தது. பயன் சொல்பவரின் உரை அம்மரபைக் கேட்போரின் வாழ்வோடு இணைத்தது. எழுத்தறியாதவரும் இலக்கியத்தின் பொருளை அறிய இது வழிசெய்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டினைக் 'கந்தபுராண கலாசாரம்' எனச் சுட்டியபோது, நூலொன்றை மாத்திரமன்றி, அந்நூல் செவிவழியே பரவிய முறையினையும் அத்தொடர் உள்ளடக்கியிருந்தது எனலாம்.

இது சைவத்துக்கு மாத்திரம் உரிய வழக்கன்று. கிழக்கிலே கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடப்பட்டது. கத்தோலிக்க ஊர்களிலே தபசுகாலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் (1676-1742) வியாகுலப் பிரசங்கம் ஓதப்பட்டது. முஸ்லிம் மக்களிடையே சீறாப்புராணமும் மாலைகளும் அவ்விடத்தைப் பெற்றன. இவை யாவற்றிலும் சிறுவர் கேட்போர் கூட்டத்திலே இருந்தனர். அவர்களுக்கெனத் தனிநூல் இருக்கவில்லை. பெரியோரின் நூலைப் பெரியோரோடு அமர்ந்து கேட்டு, விளங்கியதை ஏற்று, விளங்காததை ஓசையாகச் சேமித்து அவர்கள் வளர்ந்தனர். சிறுவர் இலக்கியம் என்னும் பிரிவு தோன்றுமுன் சிறுவரின் இலக்கியக்கல்வி இருந்தவாறு இது.

இதனை ஒரு பொற்காலமாகக் காண்பது வரலாற்றுக்கு மாறாகும். படனம் நிகழ்ந்த கோயிலின் உள்வீதி அனைவருக்கும் திறந்திருக்கவில்லை. நிலவுடைமை உறவுகளாற் பிணிக்கப்பட்டிருந்த குடிமை, அடிமைச் சாதியினரின் பிள்ளைகள் அவ்வோசையை மதிலுக்கு வெளியே நின்றே கேட்க முடிந்தது. கேட்கும் உரிமையே சாதியால் வரையறுக்கப்பட்டிருந்த சமூகத்திலே, வாசிக்கும் உரிமையைப் பற்றிக் கூற வேண்டியதில்லை. வாய்மொழி மரபினைச் சனநாயகத்தின் இயல்பான வடிவமாகப் போற்றுவோர் இம்மதிலை மறந்துவிடலாகாது.

3. திண்ணையும் அச்சும்

திண்ணைப் பள்ளிக்கூடங்களிலும் கல்வியின் அடிப்படை ஓசையே. மணலிலே விரலால் எழுதியவாறு எழுத்தைச் சொல்லுதல், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றை மனனஞ்செய்தல், சட்டாம்பிள்ளை சொல்ல ஏனையோர் திரும்பச் சொல்லுதல் என்பன அதன் முறைகள். சென்னை எழும்பூரிலே ஆண் அநாதைச் சிறுவர் இல்லத்தை நடத்திய அன்ரூ பெல் என்பார், மணலில் எழுதும் உள்ளூர் வழக்கினைக் கண்டு தம் பள்ளியிற் புகுத்தியதும், மாணவரைக்கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் நூலாக வெளியிட்டு இங்கிலாந்திற் பரப்பியதும் கல்வி வரலாற்றாசிரியர் அறிந்த செய்திகளே. கைத்தொழிற் புரட்சியின் நகரங்களில் ஏழைப் பிள்ளைகளைக் குறைந்த செலவிற் பயிற்றுவதற்கு அம்முறை பயன்பட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திற் பணியைத் தொடங்கினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையும் நிறுவப்பட்டன. 1830களின் நடுப்பகுதியில் மானிப்பாயில் அச்சகம் இயங்கத் தொடங்கிற்று. 1841இல் உதயதாரகை வெளிவந்தது. உடுவிற் பாடசாலை எமது பொருளுக்குச் சிறப்பாக உரியது. கற்ற கிறித்தவ ஆடவருக்கு ஏற்ற மனைவியரையும், கிறித்தவ இல்லங்களுக்கு ஏற்ற தாய்மாரையும் உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பிள்ளைக்கு வீட்டில் வாசித்துக் காட்டும் தாய் என்னும் உருவம் எமது சமூகத்தில் நிறுவன வடிவம் பெறத் தொடங்குவது இங்கேதான். அவ்வுருவம் பெண்ணுக்கு எழுத்தைத் தந்தது. அதேவேளை அவ்வெழுத்தின் பயனை வீட்டோடு கட்டியும் வைத்தது. இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே நோக்கினாலன்றிப் பெண்கல்வியின் தொடக்க வரலாறு விளங்காது.

ஆறுமுக நாவலர் (1822-1879) இச்சவாலுக்கு அளித்த பதில், மிஷனரிமாரின் கருவிகளையே கைக்கொண்டதாகும். 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிற் பிரசங்கம், 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலை, அதனையடுத்து அச்சியந்திரம், 1850களிலிருந்து பாலபாடங்கள் என அவர் பணி விரிந்தது. பாலபாடங்கள் தமிழிலே பிள்ளைகளுக்கெனத் தரப்படுத்தி எழுதப்பட்ட உரைநடை நூல்களுள் முதன்மையானவை. சந்தி பிரித்து, நிறுத்தக்குறியிட்டு, வாக்கியத்தைக் கண்ணுக்குத் தெளிவாக்கிய நடை அது. செய்யுளைச் செவியாற் பெற்றுவந்த பிள்ளையின் கையிலே, கண்ணால் வாசிப்பதற்குரிய நூல் முதன்முறையாக வைக்கப்பட்டது.

இம்மாற்றம் பெரிது. ஆயின் அதனோடு ஓர் இழப்பும் நிகழ்ந்தது. படனத்தில் வாசிப்பும் பயனும் இணைந்திருந்தன. பாடநூலிலோ பயன் ஏற்கெனவே அச்சிடப்பட்ட அறமாக நூலினுள்ளேயே அமைந்துவிட்டது. பிள்ளை அதனைப் பிழையின்றி ஒப்புவித்தாற் போதும் என்றாயிற்று. மேலும், சாதியாசாரத்தை நாவலர் கேள்விக்கு உட்படுத்தியவரல்லர். எனவே அச்சு திறந்துவிட்ட கதவினூடே எல்லாப் பிள்ளைகளும் நுழைய இயலவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பாடசாலைகளிற் சமாசனம் வழங்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பும், அதன்பொருட்டுச் சில பாடசாலைகள் எரிக்கப்பட்டமையும், ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே நூலை வாசிக்கும் உரிமை எத்துணைப் போராட்டத்தின் பின் கிடைத்தது என்பதைக் காட்டும்.

4. பிள்ளைப்பாட்டின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேதான் பிள்ளையைப் பிள்ளையாகவே கருதிய இலக்கியம் தமிழிற் கால்கொள்கிறது. பாரதியின் பாப்பாப் பாட்டு 1915இல் வெளியாயிற்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்கள் தொடர்ந்தன. ஈழத்திலே நவாலியூர் சோமசுந்தரப் புலவரும் (1878-1953) அவர்காலத்து ஆசிரியர் சிலரும் இத்துறையில் ஈடுபட்டனர். 1930களில் வெளிவந்த பிள்ளைப்பாட்டு என்னும் தொகுதி இம்முயற்சியின் அடையாளமாகும்.

சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்பு, கத்தரி வெருளி ஆகிய பாடல்கள் மூன்று தலைமுறையினரின் வாயில் நிலைத்தமைக்குக் காரணம் எளிமை மாத்திரமன்று. அவற்றிலே யாழ்ப்பாணத்து வீட்டின் உழைப்பு இடம்பெறுகிறது. கூழும் கொழுக்கட்டையும் ஆகும் முறை வரிசையாகச் சொல்லப்படும்போது, பிள்ளை தன் வீட்டிற் கண்ட வேலைகளுக்குச் சொற்களைப் பெறுகிறது. தோட்டத்திலே நிற்கும் வெருளியைப் பற்றிக் கேட்கும்போது, தனக்குத் தெரிந்த பொருளொன்று பாட்டிற்கு உரியதாகும் விந்தையை உணர்கிறது. கற்றலின் உளவியல் நோக்கிலும் இது பொருந்துவது. சோவியத் உளவியலாளர் வைகோட்ஸ்கி (1896-1934), பிள்ளை தனித்துச் செய்யக்கூடியதற்கும், மூத்தோர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடைப்பட்ட பரப்பிலேயே கல்வி பயன்தருகிறது என்றார். அறிந்த உலகிலிருந்து அறியாத சொல்லுக்குத் துணையோடு செல்லும் இப்பயணத்துக்கு உரக்கச் சொல்லப்படும் பாட்டு ஏற்ற ஊர்தியாகும்.

எனினும் இவ்விலக்கியத்தின் சமூகத்தளம் குறுகியதே. சுதேச மொழிப் பாடசாலை ஆசிரியரும், சிறு உத்தியோகத்தரும், ஓரளவு நிலமுடையோருமே அதனை ஆக்கினர். அவர்தம் வீடுகளே அதன் உலகம். தோட்டம் உண்டு, ஆனால் அதிற் கூலிக்கு இறைப்பவனின் பிள்ளை இல்லை. கூழ் உண்டு, ஆனால் அன்றாடம் அதுவே உணவாகவுள்ள வீடு இல்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளிற் போதனாமொழியாகத் தாய்மொழி பெற்ற இடமும் வாசிப்போர் தொகையைப் பெருக்கின. அவ்வாறு பெருகிய பிள்ளைகளுக்கு வேண்டிய நூல்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும், அழ. வள்ளியப்பா முதலியோரின் நூல்களும் தமிழகத்திலிருந்து வந்தன. மாஸ்கோவிலிருந்து வந்த படநூல்கள், 1991இற் சோவியத் ஒன்றியம் கலையும்வரை, கூலியுழைப்பாளரும் வாங்கத்தக்க விலையிற் கிடைத்தன. இலங்கை வானொலியின் சிறுவர் மலர் நிகழ்ச்சி, நூல் இல்லாத வீட்டிலும் கதை சொல்லும் குரலொன்றைக் கொண்டுவந்து சேர்த்தது. 1980இலிருந்து பாடநூல்களை அரசு இலவசமாக வழங்குகிறது. இன்றும் பல வீடுகளிலே உள்ள நூல்கள் அவை மாத்திரமே.

5. கொட்டிலும் லயமும்

வீட்டில் நூலில்லாதோர் வாசிப்புலகுக்கு முற்றிலும் புறம்பானவரோ என்னும் வினா இங்கு எழுகிறது. இதற்கு விடை காணச் சுருட்டுக் கொட்டிலை நோக்குதல் தகும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுத் தொழிலாளரின் கைகள் புகையிலையிற் பொருந்தியிருக்க, அவர்தம் செவிகள் ஓய்ந்திருந்தன. ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரக்க வாசிக்க, ஏனையோர் சுற்றியவாறே கேட்டனர், இடைமறித்து வினவினர், வாதிட்டனர். கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் இதே வழக்கம் தோன்றியதும், தொழிலாளரே தம் கூலியிலிருந்து வாசிப்பவருக்குப் பணம் கொடுத்ததும், மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சியினர் அதனைத் தடைசெய்ததும் ஒப்புநோக்கத்தக்கவை. ஒன்றையொன்று அறியாத இரு தீவுகளில் ஒரே உழைப்புமுறை ஒரே வாசிப்புமுறையைத் தோற்றுவித்தது. புராணபடனத்தின் வடிவம், அதன் சாதிமதிலை ஓரளவு களைந்து, உழைப்புக் களத்திலே மறுபிறப்பெய்தியதாக இதனைக் கொள்ளலாம். பயன் சொல்லும் உரிமை இங்கே கேட்போர் யாவருக்கும் பொதுவாயிற்று.

ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டு, சிகையலங்காரத் தொழில் புரிந்தவாறே எழுதி, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்று, 1966இல் மல்லிகை இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா (1927-2021) போன்றோரின் தோற்றத்தை, வீட்டு நூலகம் என்ற ஒன்றைக்கொண்டு விளக்க இயலாது. இயக்கமும் தொழிற்களமும் தெருவும் வாசிப்பின் இடங்களாக அமைந்ததனாலேயே அத்தகைய எழுத்தாளர் தோன்றினர்.

மலையகத்தின் நிலை இதனினும் கடுமையானது. பிரட்டுக்கு விடியுமுன் எழுந்து, மாலையிற் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும் தாய், தன் கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுச்செல்கிறாள். லயக் காம்பராவிலே ஒரே அறை சமையற்கட்டாகவும் படுக்கையாகவும் பிள்ளை படிக்கும் இடமாகவும் உள்ளது. காலனித்துவ காலத்திலே தோட்டப் பாடசாலை என்பது பெரும்பாலும் ஓரறையும் ஓராசிரியருமே. 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டதோடு கல்வியுரிமையைக் கோரும் அரசியல் வலுவும் குன்றிற்று. 1970களின் பிற்பகுதியிலிருந்தே அப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் பொறுப்பில் வந்தன. ஆயின் அங்கும் வாய்மொழி வறண்டிருக்கவில்லை. காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், தாலாட்டும், சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) தொகுத்த பாடல்களும் அதற்குச் சான்று. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தோட்டத் தொழிலாளரிடையே பாட்டின் வழியே அரசியலைக் கொண்டுசென்றமைக்குக் காரணம், கேட்டறியும் ஆற்றல் அம்மக்களிடம் ஏற்கெனவே முதிர்ந்திருந்தமையே. அவ்வாற்றலைப் பாடநூல் அறியவில்லை. தேயிலைமலைப் பிள்ளை பனைமரத்தைப் பற்றியும் காவேரியைப் பற்றியும் வாசித்தது. தன் தாயின் கூடையைப் பற்றி வாசிக்கவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஷேர்லி பிறைஸ் ஹீத் 1983இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. கரோலைனா மாநிலங்களில் மூன்று சமூகத்தவரின் மொழிவழக்கைப் பல ஆண்டுகள் அவதானித்த அவர், உறங்குமுன் பிள்ளைக்குக் கதைநூல் வாசித்தல் உலகப் பொதுவான தாய்மைப் பண்பன்று, பாடசாலையின் வினாவிடை முறையோடு ஒத்த ஒரு குறிப்பிட்ட பிரிவினரின் வழக்கமே என்பதைக் காட்டினார். கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பிலே பத்திரிகையும் கடிதமும் வாசலிற் பலர் கூடி உரக்க வாசிக்கப்பட்டு விவாதிக்கப்பட்டன. ஆயினும் அவர்தம் பிள்ளைகள் பாடசாலையிற் பின்தங்கினர். வீடு வாசிப்பற்றதாக இருந்தமையன்று, அவ்வீட்டின் வாசிப்பைப் பாடசாலை வாசிப்பாக ஏற்காமையே அதற்குக் காரணம். எமது கொட்டிலுக்கும் லயத்துக்கும் இம்முடிவு எத்துணைப் பொருந்துகிறது என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

6. பொதுவீடு

வீட்டின் வறுமையை ஈடுசெய்யத் தோன்றிய நிறுவனம் பொதுநூலகம். 1933இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திலே தொடங்கிய சிறு முயற்சி, யாழ்ப்பாணப் பொதுநூலகமாக வளர்ந்து, 1959இற் புதிய கட்டடத்திற் குடிபுகுந்தது. அதிலே சிறுவருக்கெனத் தனிப்பகுதி அமைந்திருந்தது. வீட்டிலே ஒரு நூலும் இல்லாத பிள்ளை அங்கே ஆயிரம் நூலுக்கு உரிமையாளனாயிற்று. 1981 மே 31 இரவு தொடங்கி அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்று நாம் கூறுகையில் ஏடுகளையும் அரிய பிரதிகளையும் எண்ணி வருந்துகிறோம், அது நியாயமே. ஆயின் எரிந்தவற்றுள் பிள்ளைகளின் படநூல்களும் இருந்தன. அவற்றை மீள வாங்கிவிடலாம். அவற்றை வாசிக்கவேண்டிய வயதினைக் கடந்துவிட்ட பிள்ளைக்கு அவ்வயதினை மீளக் கொடுத்தல் இயலாது.

2020 மார்ச்சிற் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது 'வீடே பாடசாலை' என்னும் முழக்கம் எழுந்தது. எல்லா வீடுகளும் பாடசாலையாகும் தகுதி பெற்றிருக்கவில்லை என்பது சில வாரங்களிலேயே தெரிந்தது. கைத்தொலைபேசி இல்லாத வீடும், இருந்தும் அலைவரிசை எட்டாத மலைச்சரிவும், ஒரு கருவிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருந்த குடும்பமும் பின்தங்கின. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல்மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நூலின் விலை எளியோர் கைக்கு எட்டாததாயிற்று. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்கு வாசிப்பதே வாசிப்பு என்ற நிலை இதனுடன் சேர, பிள்ளையின் கையிலே எஞ்சியது பயிற்சித்தாள் ஒன்றே.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படும். முதலாவது, உரத்த வாசிப்பு எமது மக்களுக்குப் புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்றன்று. படனத்திலும் கொட்டிலிலும் அது வாழ்ந்தது. அது சாதியால் ஒருகாலத்தும் வருமானத்தால் இன்னொருகாலத்தும் மறிக்கப்பட்டது என்பதே வரலாறு. இரண்டாவது, வாசித்துக் காட்டுதலின் உயிர் நூலில் மாத்திரம் இல்லை. பயன் சொல்லுதலில், அஃதாவது கேட்பவர் இடைமறித்து வினவித் தம் வாழ்வோடு பொருத்திக்கொள்ளும் உரிமையில் உள்ளது. எழுத்தறியாத பாட்டியும் பேரப்பிள்ளை வாசிக்கக் கேட்டுப் பயன் சொல்லலாம். அவ்வாறாயின் வீட்டுக்கல்வியில் அவர் கேட்பவராயினும் ஆசிரியராவார். தாய் வாசிக்கப் பிள்ளை கேட்டல் என்ற ஒரே வடிவத்தை வற்புறுத்துவது இவ்வளத்தை வீணாக்குவதாகும். மூன்றாவது, வீடுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை வீடுகளே தீர்க்கமாட்டா. வாசிகசாலைகள் தோறும் பிள்ளைகளுக்கான மாலை வாசிப்பு, பிள்ளைக்காம்பராக்களிலே படநூலும் பயிற்சிபெற்ற வாசிப்பாளரும், தோட்டத்துக்கும் கடற்கரைக்கும் வயலுக்கும் உரிய சொற்களில் எழுதப்பட்டு மலிவாக அச்சிடப்படும் நூல்கள் ஆகியன பொதுச்செலவில் அமைதல் வேண்டும்.

நாட்கூலிக்கு உழைத்துக் களைத்த தாயிடம், இரவிலே ஏன் வாசித்துக் காட்டவில்லை என்று கேட்பது எளிது. அவளுடைய உழைப்பின் நேரம் ஏன் அவ்வளவு நீண்டது, கூலி ஏன் அவ்வளவு சிறிது என்று கேட்பதே கல்வி பற்றிய வினாவின் தொடக்கம். அவ்வினாவை எழுப்பாத வாசிப்பு இயக்கம், ஏற்கெனவே நூலுள்ள வீட்டிற்கே மேலும் ஒரு நூலைக் கொண்டுசெல்லும்.